வெள்ளிக்கிழமைப் பக்கம்

சாருமதி கண் திறந்ததும் முதலில் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கட்டு இல்லை. தையல் இல்லை. ஈரலில் பாதியை வெட்டிக் கொடுத்தவளின் வயிறாக அது இல்லை.

"இன்னும் எடுக்கலீங்களா?" என்றாள்.

அவள் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்த எஸ்தர் சிஸ்டர், கட்டிலருகே நின்ற அவள் புருசன் பூபதியைப் பார்த்தாள். பூபதிதான் பேசினான்.

"இல்ல சாரு. உனக்குக் காய்ச்சல் வந்துருச்சு. என்னென்னமோ பெனாத்த ஆரம்பிச்சுட்ட. டாக்டர் பயந்துபோயி மார்க்கத் திரும்பத் தெறந்து உட்டுட்டாரு. திங்கக்கெழம ஆப்பரேசன். ஒண்ணும் பயமில்ல."

"இன்னிக்கு வெள்ளிதானுங்களே?"

"உனக்கு வெள்ளி. எங்களுக்கு அடுத்த வாரத்துச் சனி."

அவள் சிரித்தாள். புருசன் வேடிக்கையாகப் பேசி வெகு நாளாயிற்று. பூபதி அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காப்பி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான்.

புது மயக்க மருந்து வந்ததிலிருந்து எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இந்தத் தொப்பி இருந்தது. மருந்து நல்ல மருந்துதான். வலி கிடையாது, காயமும் சீக்கிரம் ஆறும். ஆனால் விழித்தெழுபவனின் நினைவு கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டாகக் கிடக்கும். அதனால் மயக்கத்துக்கு முன் அவன் மனம் இருக்கும் நிலையை அப்படியே கணினியில் பதிந்து வைப்பார்கள். அறுவை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து திறந்துவிடுவார்கள். காகிதங்களில் அதற்கு மனக்குறி என்று பெயர். ஈரோட்டில் எல்லோருக்கும் அது மார்க்.

மார்க்கைக் கத்திக்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்தால் போதும் என்றுதான் கண்டுபிடித்தவர்கள் சொன்னார்கள். நம் ஆட்கள் விடுவார்களா? எந்த நேரத்தில் மார்க் வைக்கிறோமோ அந்த நேரத்தில்தான் மனுசன் மறுபடி எழுகிறான், அப்படியென்றால் அது இன்னொரு பிறப்பு, பிறப்புக்கு நேரம் பார்க்காமல் எப்படி என்றார்கள். ராகு காலத்தில் மார்க் வைத்த ஒருவன் எழுந்து உட்கார்ந்து பெற்ற தாயை யாரென்று கேட்டதாக பவானிப் பக்கமிருந்து ஒரு கதை கிளம்பியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே மார்க் சீட்டில் நல்ல நேரம், எமகண்டம் எல்லாம் அச்சடித்துக் கொடுத்தார்கள். நல்ல நாள் முன்கூட்டியே வந்தால் மார்க்கும் முன்கூட்டியே வைக்கப்பட்டது. மார்க்குக்கும் கத்திக்கும் நடுவே மனிதர்கள் சாப்பிட்டார்கள், பேசினார்கள், சண்டை போட்டார்கள். அந்த நாட்கள் யார் கணக்கிலும் சேரவில்லை.

சாருமதியின் ஈரல் பூபதியின் அண்ணன் சென்னியப்பனுக்கு. அவருடைய ஈரல் சுருங்கிப்போய்விட்டது. சொந்தத்தில் வேறு யாருக்கும் பொருந்தவில்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்கள். தகப்பன் இல்லாத பூபதியை வளர்த்து ஆளாக்கியவர் சென்னியப்பன். தவிர, சாருமதிக்குக் குழந்தை இல்லை. "உனக்கென்ன புள்ளையா குட்டியா, பயப்படறதுக்கு" என்று அவளுடைய ஓரகத்தி, சென்னியப்பனின் மனைவி விசாலாட்சி ஆறுதலாகவே கேட்டாள். சாருமதி சரியென்றாள். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை தொப்பியை மாட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்து "சம்மதமுங்க" என்றதோடு அவளுடைய நினைவு நின்றது.

இடது முன்கை எரிந்தது. பார்த்தாள். தோல் சிவந்து, பாத்திரம் துலக்கும் நாரால் தேய்த்ததுபோல் இருந்தது. காய்ச்சலில் சொறிந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு மேசை மேலிருந்த புத்தகத்தை எடுத்தாள்.

நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடியான துப்பறியும் நாவல். சாருமதி வேலை பார்ப்பது படுக்கைவிரிப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனியில், துணி மாதிரிகள் வெட்டுகிற பகுதியில். ஓரம் ரம்பப் பல்லாக வெட்டிய சாம்பிள் துண்டு ஒன்றைத்தான் அவள் எப்போதும் பக்கக்குறியாக வைப்பாள். நீலத் துண்டு இருந்த இடத்தில் பிரித்தாள். கொலைகாரனைக் கைது செய்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் படித்தவரை பிணமே இன்னும் கிடைத்திருக்கவில்லை.

யாராவது எடுத்துப் படித்திருப்பார்களோ? பூபதி புத்தகம் தொடுகிற ஜாதி இல்லை. விசாலாட்சி பஞ்சாங்கத்தோடு சரி. பக்கத்துக் கட்டிலில் சாந்தாமணி என்றொரு அம்மாள் இருந்தாள். பித்தப்பையில் கல், சர்க்கரை இறங்காததால் அறுக்காமல் போட்டு வைத்திருந்தார்கள். சாருமதி அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இந்தப் பொஸ்தகத்த நீங்க எடுத்தீங்களா?"

சாந்தாமணி கதவைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"மறுக்காவா? அடக் கடவுளே. எனக்கு எழுத்தே தெரியாது அம்மிணி. நீங்கதான் படிச்சீங்க. கொன்னது அந்த டாக்டரோட தம்பிதான்னு எங்கிட்டக் கதையே சொன்னீங்க."

"நானா? எப்ப?"

"போன ஞாயித்துக்கெழம. மார்க்கு வெச்சு ரெண்டு நாள் கழிச்சு. காய்ச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பழனி மலை ஏறுற கணக்கா நல்லாத்தான் இருந்தீங்க."

சாருமதி கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தாள். "அப்புறம் எதுக்குக்கா திரும்பத் தெறந்தாங்க?"

"எத்தன வாட்டிதான் நானு சொல்றது? மொத வாட்டி சொன்னப்ப அழுதீங்க. ரெண்டாவது வாட்டி உங்க ஊட்டுக்காரரு மேல சோத்துத் தட்டத் தூக்கி வீசுனீங்க. இப்ப என்ன பண்ணுவீங்களோ. உங்க ஓரகத்தி கேன்டீன்ல போன்ல பேசிட்டு இருந்துச்சு. நான் பக்கத்து மேசைல. 'எங்க கவினுக்கும் பொருந்துதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க, ஆனா ஆவணில கல்யாணத்த வெச்சுக்கிட்டு மாப்பிள்ள வவுத்துல கத்தி வெக்க முடியுமா, பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க, அதான் சாருவக் கேட்டோம்'னு."

கவின் சென்னியப்பனின் ஒரே மகன். எருமை மாதிரி உடம்பு. தினமும் ஜிம்முக்குப் போகிறவன். சாருமதி புத்தகத்தை மூடினாள். அழுகை வரவில்லை. தட்டும் கைக்கெட்டவில்லை.

"நான் முடியாதுன்னு சொன்னனா?"

"ரெண்டு வாட்டியும். சொன்ன அன்னிக்கே தொப்பிய மாட்டிட்டாங்க. ரெண்டாவது வாட்டி நீங்க உசாரா கையில பேனாவுல எழுதி வெச்சீங்க. மயக்கமா இருக்கையில தேச்சுத் தேச்சுக் கழுவுனாங்க, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்." சாந்தாமணி குரலைத் தாழ்த்தினாள். "சொன்னது யாருன்னு மட்டும் நீங்க காட்டிக் குடுக்கல. அந்த வரைக்கும் நல்லவிங்க."

சாருமதி முன்கையை மடியில் வைத்துப் பார்த்தாள். தனக்கு முன் இரண்டு பேர் இந்தக் கட்டிலில் படுத்திருந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் விசயம் தெரிந்தது, இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள், போனார்கள். பாடையும் கிடையாது, பதினாறாம் நாளும் கிடையாது. அவர்களுடைய உடம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தாள்.

பூபதி காப்பியோடு வந்தபோது வாங்கிக் குடித்தாள். சர்க்கரை தூக்கல் என்றாள். மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் முகம் தெளிந்தது. சாயங்காலம் ரத்த அழுத்தம் பார்க்க எஸ்தர் வந்தபோது, பூபதி வெளியே இருந்தான். சாருமதி வெறும் பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஏன் சிஸ்டர், மார்க்கு வெச்சப்பறம் யாராவது ஆப்பரேசன் வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

எஸ்தர் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தூக்கம் கெட்ட கண்.

"நெறையப் பேரு சொல்வாங்கம்மா. கத்தி கிட்ட வந்தா எல்லாருக்கும் பயம்தான். அதனால சட்டத்துல என்ன வெச்சுட்டாங்கன்னா, மார்க் வெக்கும்போது கேமரா முன்னாடி சொல்றதுதான் சம்மதம். அதுக்கப்பறம் சொல்றதெல்லாம் பதட்டம். காப்பாளர் கேட்டா மார்க்கைத் தெறந்து விட்டுடலாம்."

"காப்பாளருன்னா?"

"கல்யாணம் ஆனவங்களுக்குப் புருசன். இல்ல பொண்டாட்டி."

"அப்ப மார்க்கு வெக்கும்போதே மாட்டேன்னு சொல்லிட்டா?"

எஸ்தர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ அதுதான் சட்டம்," என்றாள். பட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள்.

சாருமதிக்கு ஒரு புது மார்க் தேவைப்பட்டது. அதை அவளே கேட்டால் சந்தேகம் வரும். அவர்கள் கேட்க வேண்டும்.

ஞாயிறு காலை விசாலாட்சி இட்லி கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடாத குறையாக விசாரித்தாள். சாருமதி சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

"ஏனக்கா, வெள்ளிக்கெழம நேரம் யாரு குறிச்சுக் குடுத்தது?"

"நம்ம காங்கேயத்து ஜோசியருதான் கண்ணு. மாமா ஜாதகத்தக் காட்டி, அவருக்குத் தோதான நாளா வாங்கிட்டு வந்தேன்."

"எஞ்சாதகம்?"

விசாலாட்சி விழித்தாள்.

"எஞ்சாதகத்த யாருமே கேக்கலீங்களே. அன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம். இப்பத்தான் கணக்குப் பாத்தேன். அதனாலதானோ என்னமோ காய்ச்சல் வந்துச்சு, ஆப்பரேசன் தள்ளித் தள்ளிப் போகுது. எனக்கு என்ன ஆனாலும் பரவால்லக்கா. சந்திராஷ்டமத்துல எந்திரிக்கறவ ஈரலு மாமாவுக்கு ஒட்டுமா?"

இட்லித் தூக்கை மூடக்கூட இல்லை, விசாலாட்சி போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். சந்திராஷ்டமம் உண்மைதானா என்று சாருமதிக்கே தெரியாது. ஜோசியருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு பெண் ஜாதகத்தைக் கேட்காமல் நாள் குறித்தோம் என்று ஒப்புக்கொள்கிற ஜோசியர் காங்கேயத்தில் இல்லை. மறுநாள் காலையிலேயே அமிர்த யோகம் இருக்கிறது, அதில் புதிதாக மார்க் வைத்துவிட்டு உடனே அறுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் மறுப்பில்லை. பூபதி மட்டும் தயங்கினான்.

"பழைய மார்க்கே இருக்கட்டுமே அண்ணி. நல்லாத்தான இருக்குது?"

"உங்கண்ணன் உசுருடா பூபதி. வெளையாடாத."

சாருமதி தலையைக் குனிந்துகொண்டு வளையலைத் திருகினாள். அன்று முழுவதும் ஒன்றை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள், சின்னப்பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. கவினுக்குப் பொருந்துகிறது. நான் மாட்டேன்.

திங்கட்கிழமை நல்ல நேரத்தில் தொப்பியை மாட்டினார்கள். எஸ்தர் திரையைச் சரி செய்தாள். டாக்டர் கேமராவுக்காக நிமிர்ந்து நின்று, உங்கள் கணவரின் அண்ணனுக்கு ஈரலின் ஒரு பகுதியைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்.

"சம்மதமில்லீங்க," என்றாள் சாருமதி. "அவங்க பையனுக்கும் பொருந்துதுன்னு எனக்குத் தெரியும். அவன் குடுக்கட்டும். நான் மாட்டேன். பதிஞ்சுக்குங்க."

பதிந்தது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

விசாலாட்சி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் எஸ்தரைப் பார்த்தார், எஸ்தர் தரையைப் பார்த்தாள். சாருமதி ஆசுவாசமாகத் தலையணையில் சாய்ந்தாள். இனிமேல் எத்தனை தடவை திறந்தாலும் எழுந்து உட்காருகிறவள் இவளாகத்தான் இருப்பாள்.

பூபதி மட்டும் பதறவில்லை. டாக்டரிடம் சன்னமாகப் பேசினான். டாக்டர் விசாலாட்சியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் சாருமதி.

எஸ்தர்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

"பழைய மார்க் அப்படியேதாம்மா இருக்கு."

"இப்பத்தான புதுசு வெச்சீங்க?"

"நீங்க புத்தகத்துல ஒரே துணிய வெச்சு நகத்திட்டே போறீங்க. நகத்தினா பழைய பக்கம் போயிடும். கம்ப்யூட்டர்ல அப்படி இல்லம்மா. வெக்கிற எடத்துல எல்லாம் ஒரு துணி இருக்கும். எதுவும் போகாது. எந்தப் பக்கத்தத் தெறக்கணும்னு காப்பாளர்தான் சொல்வாரு."

"சட்டம்னு சொன்னீங்களே."

"அந்த மார்க்கைத் தெறந்தா அந்தச் சம்மதம். இந்த மார்க்கைத் தெறந்தா இந்த மறுப்பு. ரெண்டும் சட்டம்தான்."

சாருமதி எழப் பார்த்தாள். கையில் ஊசி ஏற்கெனவே இறங்கியிருந்தது. கால்கள் வேறு யாருடையவோபோல் கிடந்தன. பூபதி கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. அவன் கண் எளிதில் கலங்கும்.

"நீங்க ஒரு வார்த்த கவினக் கேட்டீங்களா?" என்றாள்.

"அண்ணன் எனக்கு அப்பன் மாதிரி சாரு. அவரு பையன் கல்யாணத்தக் கெடுக்க என்னால முடியல."

"எங்கிட்டயாச்சும் உள்ளதச் சொல்லிக் கேட்டிருக்கலாமில்ல?"

"ரெண்டாவது வாட்டி நீ கேட்டதும் எல்லாத்தையும் சொன்னேன். கையப் புடிச்சுட்டு அழுதேன். நீ தட்டத் தூக்கி அடிச்ச." நெற்றியோரத்து முடியை ஒதுக்கி, இன்னும் ஆறாத காயத்தைக் காட்டினான். "வெள்ளிக்கெழம நீ எவ்வளவு நல்லா இருந்த தெரியுமா? எந்திரிச்சதும் என்னையப் பாத்துச் சிரிக்கிற. நான் கட்டுனவ அவதான். நீ யாருன்னே எனக்குத் தெரியல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட வெளியே போனான்.

அறையில் எஸ்தர் மட்டும் இருந்தாள். தொப்பியின் பட்டைகளை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள். சாருமதிக்கு நாக்கு தடித்துக்கொண்டு வந்தது. மருந்து தன் வேலையைச் செய்தது.

"சிஸ்டர். நாளைக்கு எந்திரிக்கறவகிட்ட நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்த போதும்."

"சொன்னா எனக்கு வேலை போயிடும்மா."

"நீங்களும் ஒரு பொம்பள."

"ரெண்டு தடவையும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் எஸ்தர். சலிப்பாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு விளக்கைத் தணித்தாள்.

சாருமதி கண் திறந்ததும் முதலில் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கட்டு இருந்தது.

பூபதி பக்கத்தில் நின்றான். அவனைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இப்போதுதான் கேமராவைப் பார்த்துச் சம்மதமுங்க என்றாள், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விஞ்ஞானம் விஞ்ஞானம்தான்.

"மாமா எப்படிங்க இருக்காரு?" என்று கேட்டாள்.

மாமா நன்றாக இருந்தார். அடுத்த வாரமே கைத்தடி இல்லாமல் நடந்து வந்து அவள் தலையில் கை வைத்து, நீ எங்க குலசாமி என்றார். கவின் பழக்கூடை கொண்டு வந்தான். அவனுடைய கல்யாணப் பத்திரிகையில் சாருமதி, பூபதி பெயரைத் தனி வரியில் போட்டிருந்தார்கள். அவள் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு கல்லூரிப் பெண் எந்நேரமும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று எஸ்தர் ஒரு சின்னத் திரையை எடுத்துக்கொண்டு வந்தாள். விசாலாட்சி துணிமணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பூபதி சன்னல் பக்கம் நின்றான்.

"உங்க மார்க் ஒண்ணு எங்ககிட்ட இருக்கும்மா. ஆப்பரேசன் முடிஞ்சா வழக்கமா அழிச்சிடுவோம். வீட்டுக்காரர் வெச்சுக்கச் சொல்லிக் கேட்டிருக்காரு. நெரந்தரமா வெக்கணும்னா உங்க விரல் வேணும். வேண்டாம்னா இப்பவே அழிச்சிடறேன்."

கடைசி வாக்கியத்தை எஸ்தர் இரண்டு முறை சொன்னாள். இரண்டாம் முறை சொல்லும்போது சாருமதியின் கண்ணையே பார்த்தாள். அந்தம்மாளுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று சாருமதி நினைத்தாள்.

"வெச்சுக்கிட்டா என்னங்க ஆகும்?"

"பின்னாடி எப்பவாவது தேவைப்பட்டா, அந்த வெள்ளிக்கெழமைலேர்ந்து தெறந்துக்கலாம்."

சாருமதி யோசித்தாள். யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக இருந்த நாட்கள் குறைவு. யார் மேலும் கோபமில்லை, வருத்தமில்லை. ஒரு உயிருக்கு உதவப் போகிறோம் என்று மனசு நிறைந்திருந்த நாள் அது. அதைப் போய் யாராவது அழிப்பார்களா?

"அது எத்தன வருசத்துக்குக் கெடாம இருக்கும் சிஸ்டர்?" என்று விசாலாட்சி கேட்டாள். மடித்துக்கொண்டிருந்த சேலை அவள் கையில் பாதியில் நின்றது. "எனக்குச் சிறுநீரகத்துல ஏதோ இருக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டு இருக்காரு, அதான் கேட்டேன்."

"இந்தம்மா உயிரோட இருக்கற வரைக்கும் கெடாதுங்க."

"ஊறுகாயாட்டக் கேக்கறீங்களேக்கா," என்று சாருமதி சிரித்தாள். வயிறு வலித்தது. தையலைப் பிடித்துக்கொண்டே கையை நீட்டித் திரையில் விரலை அழுத்தினாள்.